நாக்கில் கரையும் மாத்திரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வாயில் போட்டதும் கரைந்துவிடும் மாத்திரைகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. தண்ணீர் இல்லாமலே எடுத்துக்கொள்ளலாம், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு உதவும் என்ற அளவோடு நின்றுவிட்ட குறிப்பு. அது போதாது என்பதைக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் காட்டின. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு மருந்தாளுநர் குழு இங்கே பதில் எழுதுகிறது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில் உங்கள் மருத்துவர் சொன்னதே முடிவு. இந்தப் பதில்களை வைத்து எதையும் மாற்ற வேண்டாம்.

என் அம்மாவுக்கு 74 வயது. வாந்திக்கு ஒண்டான்செட்ரான் 4 மி.கி. எம்.டி. (வாயில் கரையும்) மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையிலிருந்து அழுத்தி எடுத்தால் பாதி நேரம் பொடியாகத்தான் வருகிறது. மழை நாளில் இன்னும் மோசம். மாத்திரை தரமில்லாததா?
வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

தரக்குறைவு என்று சொல்லிவிட முடியாது, அம்மா. நொறுங்கும்படிதான் அதைச் செய்கிறார்கள். நாக்கில் இருக்கும் கொஞ்ச உமிழ்நீர் மாத்திரையின் உள்வரை சட்டென்று புகுந்தால்தான் அது அரை நிமிடத்தில் உதிரும். அதற்கு உள்ளே நுண்துளைகள் நிறைய இருக்க வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் துளைகள் அடைபட்டுவிடும். ஆகவே சாதாரண மாத்திரையைவிடக் குறைந்த அழுத்தத்தில் தட்டுகிறார்கள். உறைய வைத்து உலர்த்தும் முறையில் செய்த மாத்திரை இன்னும் மென்மையானது. மருந்துக் கரைசலை அட்டையின் குழிகளிலேயே ஊற்றி, உறைய வைத்து, வெற்றிடத்தில் பனியை நேராக ஆவியாக்கி எடுப்பது அந்த முறை. பனி இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். நாக்கில் வைத்த இரண்டு மூன்று விநாடியில் காணாமல் போகும், விரலால் அழுத்தினாலும் அப்படியே தூளாகும்.

அதனால் எம்.டி., ஓ.டி.டி. (இரண்டும் வாயில் கரையும் வகையைத்தான் குறிக்கும்) என்று போட்ட மாத்திரையை அட்டையின் வழியே தள்ளி எடுக்கவே கூடாது. பிளாஸ்டிக் குழியும் பின்பக்கம் அலுமினியத் தாளும் உள்ள அட்டையானால், ஒரு மூலையை நகத்தால் கிளப்பித் தாளை உரித்துவிட்டு, மாத்திரையை உள்ளங்கையில் கவிழ்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தாளாக உள்ள ஸ்ட்ரிப்பானால், மாத்திரை இருக்கும் இடத்தை ஒட்டிக் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, வாயைத் திறந்து சரிய விடுங்கள். கை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரவிரல் பட்ட இடம் உடனே கரைந்து ஒட்டிக்கொள்ளும், அந்த அளவு மருந்து விரலோடு போய்விடும்.

நீங்கள் பிரிக்கும்போதுதான் உடைந்தது, தூள் முழுவதும் குழியிலேயே இருக்கிறது என்றால் அதை அப்படியே நாக்கில் கொட்டிக்கொள்ளலாம். அளவு மாறாது. தூள் ஈரமாகவோ, நிறம் மாறியோ, குழியில் அப்பிக்கொண்டோ இருந்தால் எறிந்துவிடுங்கள். பாதி கீழே சிந்தியிருந்தால், எவ்வளவு போயிற்று என்று குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு இன்னொன்றைக் கொடுக்க வேண்டாம். மருத்துவரைக் கேளுங்கள்.

மழை நாளில் மோசம் என்று நீங்கள் கவனித்தது மிகச் சரி. தண்ணீரை உறிஞ்சி உப்பும் பொருளை இந்த மாத்திரையில் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அதற்கு உமிழ்நீரும் ஒன்றுதான், ஐப்பசி கார்த்திகையில் கடற்கரை ஊர்களின் காற்றில் நிற்கும் ஈரமும் ஒன்றுதான். டப்பா மூடியைத் திறந்து வைத்தால் அப்பளம் நமத்துப்போவதுபோல இதுவும் நமத்துப்போகும். வாரத்துக்கு ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டியில் இதைப் பிரித்துப் போட்டு வைப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. மற்ற மாத்திரைகளை அப்படி வையுங்கள். இதை மட்டும் வாயில் போடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். அட்டையை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, அடுப்பங்கரைக்கும் குளியலறைக்கும் தள்ளி வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம். வெளியே எடுத்ததும் அட்டையின் மேல் வியர்க்கும், லேசாகக் கிழிந்த குழி இருந்தால் அந்த நீர் உள்ளே போகும்.

இன்னொன்று. வயதானவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும். நீரிழிவும், மனநலம், சிறுநீர் சம்பந்தமான பல மருந்துகளும் வாயை உலர்த்தும். உலர்ந்த நாக்கில் மாத்திரை கரையாமல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லி, பிறகு மாத்திரையை நாக்கின் நடுவில் வையுங்கள்.

உடனே கரைகிறது என்றால் உடனே வேலை செய்யும் என்றுதானே பொருள்? அப்படியானால் என் ரத்த அழுத்த மாத்திரையையும் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டால் சீக்கிரம் கேட்குமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்

இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான், ஐயா. மிகப் பரவலான நம்பிக்கை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

நாக்கின் மேல் கரையும் மாத்திரையில் பெரும்பாலானவை வாயில் உதிர மட்டுமே செய்கின்றன. மருந்து உமிழ்நீரோடு இரைப்பைக்கு இறங்கி, சிறுகுடலில்தான் ரத்தத்தில் சேர்கிறது. மாத்திரை உடையும் நேரம் மிச்சமாகிறது, அவ்வளவுதான். சில சமயம் தாமதமே ஆகும். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ரைசாட்ரிப்டானைப் பாருங்கள். சாதாரண மாத்திரையை விழுங்கினால் 1 முதல் 1.5 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்ச அளவை எட்டும். வாயில் கரையும் வடிவத்தில் அதற்கு 1.6 முதல் 2.5 மணி நேரம் ஆகிறது. குமட்டலில் தண்ணீர் குடிக்க முடியாத நோயாளிக்கு அந்த வடிவம் பெரிய வசதி. வேகத்துக்காக அதைக் கேட்டு வாங்குவதில் பயனில்லை.

விதிவிலக்கும் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கான செலஜிலினை உறையவைத்து உலர்த்திய மாத்திரையாகச் செய்தபோது, அதில் கணிசமான பகுதி வாயின் சவ்வு வழியாகவே உடலுக்குள் சேர்ந்தது. கல்லீரலில் சிதைந்து வீணாவது குறைந்ததால், விழுங்கும் 10 மி.கி. செய்யும் வேலையை 1.25 மி.கி. செய்தது. அந்த மாத்திரைக்கு முன்னும் பின்னும் 5 நிமிடம் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்று சொல்வது இதனால்தான். ஒரு மருந்தை வாயின் சவ்வு வழிக்கு மாற்றினால் அளவே தலைகீழாகிவிடும் என்பதையும் இதிலிருந்து பார்க்கலாம்.

நாக்குக்கு அடியில் வைப்பது வேறு வகை. நெஞ்சுவலிக்கு நாம் சார்பிட்ரேட் என்று சொல்லும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் அதற்கு உதாரணம். அங்குள்ள மெல்லிய சவ்வின் வழியே சில நிமிடங்களில் ரத்தத்துக்குப் போகிறது. எல்லா மருந்தும் அப்படி ஊடுருவாது. மூலக்கூறு சிறியதாக, கொழுப்பில் கரையக்கூடியதாக, மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்வதாக இருக்க வேண்டும். நீங்கள் தினமும் எடுக்கும் அம்லோடிபைனோ டெல்மிசார்ட்டனோ நாளெல்லாம் மெதுவாக வேலை செய்ய வேண்டியவை. நாக்குக்கு அடியில் வைத்து அவசரப்படுத்த அவற்றில் ஒன்றுமில்லை.

ஒரு காலத்தில் அழுத்தம் திடீரென்று ஏறினால் நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் குத்தி, உள்ளிருக்கும் திரவத்தை நாக்குக்கு அடியில் விடுவது வழக்கமாக இருந்தது. அழுத்தம் கட்டுக்கடங்காமல் இறங்கிப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததைப் பார்த்து, 1990களின் நடுவிலேயே அது கூடாது என்று எச்சரித்துவிட்டார்கள். இன்றும் யாராவது அந்த யோசனையைச் சொன்னால் கேட்காதீர்கள்.

குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு ஜிங்க் 20 மி.கி. மாத்திரை கொடுத்தார்கள். அட்டையில் டி.டி. என்று இருக்கிறது. இதையும் நாக்கிலேயே வைக்கலாமா?
ஒரு தாய், அரியாங்குப்பம்

வேண்டாம். டி.டி. என்றால் தண்ணீரில் கலக்க வேண்டிய மாத்திரை. சின்னக் குழந்தையின் நாக்கில் முழு மாத்திரையை வைத்தால் உடையும் முன்பே தொண்டைக்குப் போய் அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

ஒரு டீஸ்பூனில் ஆறவைத்த கொதிநீர் அல்லது தாய்ப்பால் எடுத்து, மாத்திரையைப் போட்டு, அதுவாக உதிர விடுங்கள். நசுக்க வேண்டாம். கரைந்ததும் கொடுத்து, ஸ்பூனில் ஒட்டியிருப்பதை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் உப்பு சர்க்கரைக் கரைசலில் கலக்கக் கூடாது. குழந்தை முழு லிட்டரையும் குடிக்காது, மருந்தும் முழுதாகச் சேராது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒரு வேளை கொடுக்கலாம். 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004இல் 10 முதல் 14 நாள் என்று சொன்னதில், நம் நாட்டில் 14 நாள் கொடுக்கிறோம். மூன்றாம் நாளே போக்கு நின்றுவிடும், மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். குடலின் உள்சுவர் ஆறுவதற்கும், அடுத்த சில மாதங்களில் மறுபடி வராமல் இருப்பதற்கும்தான் மீதி நாட்கள். உலோகச் சுவைக்குக் குழந்தை முகம் சுளித்தால், கொடுத்த கையோடு தாய்ப்பாலோ ஒரு வாய் கஞ்சியோ கொடுங்கள்.

டோம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தை 10 மி.கி. வாயில் கரையும் மாத்திரையாகச் செய்வது எங்கள் புராஜெக்ட். தூளைக் குருணையாக்காமல் அப்படியே தட்டும் நேரடி அழுத்த முறை. சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட்டை 4 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் கூட்டினோம். உதிரும் நேரம் குறையாமல் கூடுகிறது! அழுத்தத்தைக் குறைத்தால் உராய்வுச் சோதனையில் (உருளையில் சுற்றி எவ்வளவு உதிர்கிறது என்று பார்ப்பது) தோற்கிறது. எங்கே தவறு?
இறுதியாண்டு மருந்தியல் மாணவர்கள், சிதம்பரம்

முதலில் ஸ்டார்ச் கிளைகோலேட். அது தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு உப்பும் பொருள். 4 சதவீதம் சுற்றி இருக்கும்போது உப்புவதால் மாத்திரை பிளக்கும். 8 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கூழாகி, உள்ளே தண்ணீர் போகும் வழியையே அடைத்துவிடும். மேல்புறம் வழவழப்பாகவும் நடுவில் உலர்ந்த கட்டியாகவும் நின்றிருக்குமே, கவனித்தீர்களா? அது இதனால்தான். மாத்திரையை உதிர்க்கச் சேர்க்கும் இன்னொரு பொருளான கிராஸ்போவிடோன் இப்படிக் கூழாவதில்லை. துளைத் துகள்களின் வழியே தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும், அழுத்தத்தில் நசுங்கிய வடிவத்திலிருந்து பழைய வடிவத்துக்குத் திரும்பி மாத்திரையைத் தள்ளித் திறக்கும். மின்னூட்டமும் இல்லாததால் டோம்பெரிடோன் போன்ற கார மருந்துகளோடு பிணைந்துகொள்ளாது. உங்கள் மாத்திரைக்கு அதையே 5 சதவீதம் போடலாம் என்பது எங்கள் கருத்து.

150 மி.கி. எடையில் தொடங்க ஒரு கலவை தருகிறோம்: டோம்பெரிடோன் 10 மி.கி., கிராஸ்போவிடோன் 7.5, மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் பி.எச். 102 தரம் 30, அஸ்பார்டேம் 3, புதினா மணம் 1.5, ஏரோசில் (தூள் ஒழுங்காக இறங்க உதவுவது) 0.75, மெக்னீசியம் ஸ்டியரேட் (மாத்திரை அச்சில் ஒட்டாமல் வழுக்க உதவுவது) 1.5, மீதி 95.75 மி.கி. மேனிட்டால் (இனிப்பான நிரப்புப் பொருள்). 100 மாத்திரைக்கு மொத்தம் 15 கிராம். வீணாவதற்கும் மெஷினைச் சரிசெய்வதற்கும் சேர்த்து 150 மாத்திரைக்கு எடை போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் மேனிட்டால்தான் உயிர்நாடி. அது நேரடி அழுத்தத்துக்கென்று தெளித்து உலர்த்திய தரமாக இருக்க வேண்டும். ஆய்வக அலமாரியில் இருக்கும் சாதாரண மேனிட்டால் தூளைப் போட்டால் மெஷினின் தூள் புனலான ஹாப்பரிலிருந்து ஒழுங்காக இறங்காது, எடை ஏறி இறங்கும், மாத்திரையின் மேல்பகுதி மூடிபோலக் கழன்று வரும். கைவசம் அதுதான் இருக்கிறது என்றால் நேரடி அழுத்தத்தை விட்டுவிட்டு, குறைந்த அளவு பி.வி.பி. (துகள்களை ஒட்டவைக்கும் பொருள்) கரைசலால் ஈரக்குருணையாக்கி உலர்த்துங்கள். அப்போது கிராஸ்போவிடோனில் பாதியைக் குருணைக்கு உள்ளேயும் பாதியைக் குருணைக்கு வெளியேயும் சேர்க்க வேண்டும். செல்லுலோஸை 20 சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள். கரையாத பொருள் அது, நாக்கில் மணல் நெருடும்.

மருந்து 10 மி.கி.தான் என்பதால், அதற்குச் சம அளவு மேனிட்டாலோடு முதலில் கலந்து, பிறகு இருப்பதற்குச் சம அளவாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். எல்லாவற்றையும் 40ஆம் எண் சல்லடையில் சலியுங்கள். 10 நிமிடக் கலவை போதும். மெக்னீசியம் ஸ்டியரேட்டைத் தனியாக 60ஆம் எண் சல்லடையில் சலித்து, கடைசியாகப் போட்டு, 2 அல்லது 3 நிமிடம் மட்டும் கலக்குங்கள். கலவை நன்றாகச் சேரட்டும் என்று 15 நிமிடம் சுற்றுவது பல ஆய்வகங்களில் நடக்கிறது. ஸ்டியரேட் தண்ணீரை ஒட்டவிடாத மெழுகுத்தன்மை உள்ளது. அதிக நேரம் சுற்றினால் ஒவ்வொரு துகளின்மேலும் படலமாகப் பூசிக்கொண்டு, மாத்திரையைப் பலவீனமாக்கும், உதிர்வதையும் தாமதமாக்கும். மெலிந்த மாத்திரை, ஆனாலும் மெதுவாகத்தான் கரைகிறது என்று இரண்டு கெடுதலும் ஒன்றாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்தத் தொல்லை தீராவிட்டால் சோடியம் ஸ்டியரில் ஃபியூமரேட் நல்ல மாற்று.

கடினத்தன்மை 3 முதல் 4 கிலோவில் இருக்கட்டும். உராய்வுச் சோதனையில் தோற்பதாகச் சொல்கிறீர்கள். எத்தனை மாத்திரை போட்டுச் சோதித்தீர்கள்? பழக்கத்தில் 10 அல்லது 20 எடுப்பார்கள். ஒரு மாத்திரை 650 மி.கி. அல்லது அதற்குக் கீழே இருந்தால் மொத்தம் 6.5 கிராமுக்கு நெருக்கமாக எடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் 150 மி.கி. மாத்திரையில் அது 43. போடும் முன்பு ஒட்டியிருக்கும் தூசியைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள், நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 100 சுற்று, மறுபடி தூசி தட்டி எடை. இழப்பு 1 சதவீதத்துக்குள் வர வேண்டும். தூசியைத் துடைக்காமல் எடை போட்டுவிட்டு மாத்திரையைக் குறை சொல்வதும் உண்டு.

உதிரும் நேரத்துக்கு ஆறு குழாய்க் கருவி ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அதில் 900 மி.லி. அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது, கூடையும் ஏறி இறங்கிக் குலுக்குகிறது. வாயில் சும்மா இருக்கும்போது சுரப்பதோ நிமிடத்துக்கு அரை மி.லி.கூட இல்லை. ஆகவே நனையும் நேரத்தையும் பாருங்கள். சின்னப் பெட்ரி தட்டில் இரண்டாக மடித்த டிஷ்யூ தாள், 6 மி.லி. தண்ணீர், ஒரு சிட்டிகை சாயம், அதன்மேல் மாத்திரை. சாயம் மேல்முகம் முழுக்க ஏறும் நேரத்தைக் குறியுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் வெளியிட்ட வழிகாட்டி சுமார் 30 விநாடிக்குள் உதிர வேண்டும், எடை பொதுவாக 500 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்கிறது. ஐரோப்பிய மருந்து நூல் 3 நிமிடம் வரை விடுகிறது. எந்த அளவுகோலை வைத்தீர்கள் என்று ரெக்கார்டில் எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் ஊர்க் காற்று. ஜன்னலைத் திறந்துவைத்த ஆய்வகத்தில், மழைக்காலத்தில் செய்த மாத்திரையைக் கண்ணாடித் தட்டில் விட்டுவிட்டு மறுநாள் சோதித்தால் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. மெஷினிலிருந்து விழுந்ததும் டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வையுங்கள். அறையின் ஈரப்பதத்தையும் ஒவ்வொரு தொகுதியோடும் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அக்டோபர் தொகுதியையும் ஏப்ரல் தொகுதியையும் ஒப்பிட முடியாமல் திண்டாடுவீர்கள்.

இந்த மாத்திரையில் கற்பூரம் சேர்க்கிறார்களாமே? வயிற்றுக்குள் போனால் விஷமாயிற்றே?
வாசகர், பண்ருட்டி

ஆராய்ச்சிக்கூடங்களில் அப்படி ஒரு முறை உண்மையாகவே இருக்கிறது. கற்பூரத்தையோ மெந்தாலையோ அம்மோனியம் பைகார்பனேட்டையோ மற்றப் பொருட்களோடு கலந்து மாத்திரையாகத் தட்டுவார்கள். பிறகு வெற்றிட அடுப்பில் 60 டிகிரி சுற்றி வைத்தால் கற்பூரம் ஆவியாகி வெளியேறிவிடும், அது இருந்த இடம் துளையாக நிற்கும். எடை மேலும் குறையாமல் நிலைக்கும் வரை வைப்பதுதான் முறை.

உங்கள் பயம் நியாயமானது. கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடிய நஞ்சு. ஆகவே எடை நிலைத்தது என்பதோடு விட்டுவிடாமல், மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று வாயு நிறப்பிரிகைக் கருவியில் (கேஸ் குரோமடோகிராஃப்) அளந்து காட்டாத எந்த ஆய்வும் அரைகுறை ஆய்வு என்பதே எங்கள் எண்ணம். வெப்பம் தாங்காத மருந்துக்கு இந்த முறை ஆகாது. கற்பூரம் போனபின் மாத்திரை மிகவும் உடையக்கூடியதாகிவிடுகிறது. கிராஸ்போவிடோனும் நல்ல மேனிட்டாலும் கிடைக்கும்போது இந்தச் சுற்றுவழி தேவையும் இல்லை.

சளிக்கு வாங்கிய வாயில் கரையும் மாத்திரை முதலில் இனித்தது. கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாத கசப்பு. ஏன்?
கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை

இனிப்பு சீக்கிரம் கரைந்து போய்விட்டது, மருந்து நின்றுவிட்டது. இனிப்பை மட்டும் கூட்டிக் கசப்பை மறைக்க முடியாது. சரியாகச் செய்வதென்றால் மருந்தையே நாக்கு தொடாதபடி கட்டிவைக்க வேண்டும். அயனி மாற்று ரெசினோடு பிணைப்பது ஒரு வழி. வாயில் பிடித்துக்கொண்டு, இரைப்பை அமிலத்தில் விட்டுவிடும். யூட்ராகிட் இ என்ற பூச்சு இன்னொரு வழி. அது பி.எச். 5க்கு மேல் கரையாது, உமிழ்நீரோ 7ஐ ஒட்டியது. இப்படிப் பூசிய துகளைக் கடித்து மென்றால் பூச்சு உடைந்து கசப்பு வெளியே வரும். நீங்கள் மென்றிருந்தால் அடுத்த முறை மெல்லாமல், நாக்கை மேலண்ணத்தில் லேசாக அழுத்திக் கரையவிட்டு, பிறகு தண்ணீர் குடித்துப் பாருங்கள். அமிலத்தில் கெட்டுப்போகும் லான்சோபிரசோல் போன்றவற்றின் துகள் பூச்சு இரைப்பையைத் தாண்டும்வரை காப்பதற்காகப் போட்டது. அதை மென்றால் கசப்போடு நிற்காது, மருந்தே வீணாகும்.

இனிப்பாக இருக்கிறதே, சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா?
வாசகர், விருத்தாசலம்

சாப்பிடலாம். பெரும்பாலும் அது மேனிட்டாலும் அஸ்பார்டேமும். வாயில் சில்லென்று இருப்பதும் மேனிட்டால் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால்தான். ஒரு மாத்திரையில் இருக்கும் 100 மி.கி. மேனிட்டால் சர்க்கரை அளவை அசைக்காது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேம் உள்ளதைத் தவிர்க்க வேண்டும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்திருக்கிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. எல்லா மாத்திரையையும் வாயில் கரையும் வகையாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீருமா?
வாசகர், நெல்லிக்குப்பம்

தீராது. சில வேளை ஆபத்தும்கூட. வாயில் கரைந்த மருந்து உமிழ்நீரோடு நீர்த்த திரவமாகிறது, அதை விழுங்கித்தான் ஆக வேண்டும். தண்ணீருக்குப் புரையேறுகிறவருக்கு அந்தத் திரவமும் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். வெளியே இருமல் வராமலே போவதும் உண்டு. ஆகவே மாத்திரை வகையை யோசிக்கும் முன்பு அவர் எவ்வளவு பாதுகாப்பாக விழுங்குகிறார் என்பதை மருத்துவமனையில் சோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை வாய்வழியாக எதையும் கொடுக்காதீர்கள், அவசியமான மருந்தை எப்படித் தருவது என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

விழுங்கலாம் என்று சொல்லிவிட்டால், நேராக நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தி, மாத்திரையை நாக்கின் நடுவில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். கரைந்ததும் இரண்டு முறை விழுங்கச் சொல்லி, வாயைத் திறந்து வலக் கன்னத்தின் உள்பக்கம் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பக்கத்தில் கூழ் தங்கி நிற்பது அவருக்கே தெரியாது. படுக்கவைக்க அரை மணி நேரம் பொறுங்கள்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தால், டி.டி. மாத்திரையை 10 முதல் 15 மி.லி. தண்ணீரில் முழுதாகக் கரைத்து ஏற்றலாம். ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகக் கரைத்து, முன்னும் பின்னும் இடையிலும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக இடித்துக் கலக்கி ஊற்றுவதால்தான் குழாய் அடைக்கிறது. பூச்சுள்ள குருணைகள் கொண்ட மாத்திரையானால் மருந்தாளுநரிடம் கேட்காமல் குழாயில் விடாதீர்கள்.

அப்பாவின் மருந்துச் சீட்டில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., ஈ.ஆர். என்று முடியும் பெயர் எது இருந்தாலும் அதை நசுக்கவே கூடாது. நாள் முழுவதும் கசிய வேண்டிய அளவு ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரினும் பெரும்பாலும் குடலில் கரையும் பூச்சோடு வருகிறது. அதையும் நசுக்க வேண்டாம். இப்போது அவர் எடுக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எதற்கு வாயில் கரையும் வடிவம் இருக்கிறது, எதற்குத் திரவ மருந்து இருக்கிறது, எதை வேறு மருந்தாக மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.